வேட்டித் திரையில் எட்டு பனிப்படம், பக்கத்தில் ஐஸ் பிளாண்ட் மாமா

"பனிப் படம் பாக்கப் போறோம் மாமி, மாடிக்கு வாங்க" என்று கூப்பிட்டதும் மாமி பதறிப்போய் என் மகளின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். எங்கள் பக்கம் பனி என்றால் காய்ச்சல். மார்கழி விடியலில் தென்னோலை நுனியில் சொட்டுவதும் பனிதான், டிசம்பரில் குடில் கூரையில் நாங்கள் ஒட்டுகிற பஞ்சும் பனிதான். படத்தில் வருகிற அந்த வெள்ளைப் பனியை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. குளச்சலில் கிறிஸ்துமஸ் அன்றைக்கும் மின்விசிறி ஓடும். கேரல் பாட வருகிற கிறிஸ்துமஸ் தாத்தா சிவப்பு வெல்வெட் அங்கிக்குள் வியர்வையில் ஊறிப்போய், முகமூடியைத் தூக்கி ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்.

அரையாண்டு விடுமுறையில் மகளுக்குப் பொழுது போகவேண்டும் என்று ஆரம்பித்தது, கடைசியில் குடும்பமே உட்கார்ந்து எட்டு படம் பார்த்து முடித்தோம். எல்லாமே பனி உறைந்த இடங்களில் நடக்கிற கதைகள். சிலது கார்ட்டூன், சிலது பெரியவர்களுக்கானது. எது தேறும், எது தேறாது என்று எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

முதலில் புரொஜெக்டரைப் பற்றி, ஏனென்றால் பாதி சண்டை அதனோடுதான். ஆன்லைனில் வாங்கிய சின்னப் பெட்டி, அட்டையில் 4கே என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது 720தான், இதை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்வோம். சாதாரணப் படத்துக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பனிப்படம் போட்டால் மானம் போய்விடுகிறது. திரை முழுக்க வெள்ளை என்றால் வேட்டியின் மடிப்பு, ஓரத்தில் இருக்கிற பழைய கறை, நடுவில் ஓடுகிற கொசு எல்லாம் படத்தில் நடிக்க ஆரம்பித்துவிடும். வெள்ளை வேறு வெள்ளையாக இல்லாமல் நீலம் கலந்த சாம்பலாக விழும். நேரடியாக இணையத்தில் ஓடவிட்டால் இன்னொரு தொல்லை, பனி கொட்டுகிற காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது முந்தைய ஃப்ரேமில் இருந்து மாறாத பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு மாறியதை மட்டும் அனுப்புவார்கள். பனி கொட்டும்போது மாறாத பகுதி என்று ஒன்று ஏது? அதனால் முன்கூட்டியே நல்ல தரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டுங்கள்.

அப்புறம் மாமா. அம்மாவின் தம்பி. ஐஸ் பிளாண்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஆழ்கடல் விசைப்படகில் போனவர். படகின் அடியில் டன் கணக்கில் நொறுக்கிய ஐஸை நிரப்பிக்கொண்டு போய், பிடிக்கிற மீனை அதற்குள் அடுக்கி, திரும்புகிறவரை கையாலேயே வாரி வாரிப் போடுகிற வேலை. எங்கள் வீட்டில் குளிரைப் பற்றிப் பேச உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். முதல் நாள் நான் எங்கள் தமிழ்ப் படங்களின் பனிமலைப் பாட்டு இரண்டைப் போட்டேன், சும்மா ஆரம்பத்துக்கு. நாயகன் ஜாக்கெட், ஷூ, மஃப்ளர் சகிதம், நாயகி மெல்லிய சேலையில் முதுகு தெரிய ஆடுகிறார். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்க கையப் பாரு மக்கா. ஐஸ்ல கை வச்சவன் விரல இப்பிடி மலத்தி நீட்ட மாட்டான். மடக்கி அக்குளுக்குள்ள சொருகுவான். இதுல தணுப்பு இல்ல." தணுப்பு என்றால் எங்கள் பக்கம் குளிர். அதற்குப் பிறகு எந்தப் படம் போட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான், தணுப்பு உண்டா இல்லையா. நானும் அதை வைத்துத்தான் எழுதுகிறேன். நடிப்பு, இசை, ஒளிப்பதிவு பற்றித் தெரிந்தவர்கள் நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள்.

ஃப்ரோசன் (2013). மகளுக்காகப் போட்டது, அவள் ஏற்கெனவே பலமுறை பார்த்தது. இரண்டாம் பாகத்துக்குத் தமிழில் எல்சாவாகக் குரல் கொடுத்தவர் சுருதி ஹாசன் என்பதால் அதுவும் இவளுக்கு மனப்பாடம். பனி எப்படி நொறுங்கும், எப்படி ஒட்டும், எப்படிச் சரியும் என்று துகள் துகளாகக் கணக்குப் போட ஒரு முறையையே கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து டிஸ்னி உருவாக்கிய படம் இது. அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் எல்சாவுக்குக் குளிரே கிடையாது, கதைப்படியே அப்படித்தான், ஆகவே அவள் வருகிற இடங்களில் பனி ஒரு பட்டுப்புடவை மாதிரி மினுங்குகிறது, அவ்வளவுதான். தங்கை ஆனா ஓடையில் விழுந்து எழுந்து, பாவாடை விறைத்து மரப்பலகை போல ஆகி, அதோடு தத்தித் தத்தி நடக்கிற இடம் ஒன்று வரும். மாமா அதற்குச் சிரித்தார். "உள்ளதுதான், சாரம் நனைஞ்சு ஐஸ் பெட்டியில ஒட்டிக்கிட்டா இப்பிடித்தான் நிக்கும்." சாரம் என்று அவர் சொன்னது லுங்கியை.

அவருக்கு அந்தப் படத்தில் உண்மையிலேயே பிடித்தது ஆரம்பம். உறைந்த ஏரியில் ஆட்கள் நீள ரம்பத்தால் ஐஸை அறுத்து, கொக்கி போட்டு இழுத்து, வண்டியில் ஏற்றுவார்கள். அதை மூன்று தடவை போடச் சொன்னார். அம்மோனியாவும் மோட்டாரும் இல்லாமல் ஐஸ் கிடைக்கிற ஊரா என்று அவருக்கு ஆச்சரியம். நம்ம சென்னைக்கே அப்படி அறுத்த ஐஸ் வந்ததுதான் என்று சொன்னேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கத்து ஏரிகளில் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடல் தாண்டிக் கொண்டுவந்து மெட்ராசில் வைப்பதற்கென்றே 1842இல் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். 1892 டிசம்பரில் நம்ம குமரிமுனைப் பாறையில் இருந்த அதே விவேகானந்தர், 1897இல் மேல்நாட்டில் இருந்து திரும்பி வந்தபோது தங்கியது அந்த ஐஸ் வீட்டில். மாமா விவேகானந்தரை விட்டுவிட்டார். "மரத்தூள்ல பொதிஞ்சா அவ்வளவு நாள் நிக்குமா?" என்பதிலேயே ராத்திரி பூராவும் இருந்தார்.

தி கோல்ட் ரஷ், 1925. சாப்ளின் படம், வசனம் கிடையாது, அதனால் எங்கள் அம்மாவில் இருந்து எல்லாருக்கும் புரிந்த ஒரே பெரியவர்கள் படம் இதுதான். வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கில் ஆட்கள் பனிமலை ஏறிப்போன கதை. ஆரம்பத்தில் எறும்பு வரிசை போல ஆட்கள் கணவாய் ஏறுவது நிஜமான பனிமலையில் எடுத்தது. மீதியில் பெரும்பகுதி ஹாலிவுட் ஸ்டுடியோவில் மரச்சட்டமும் கோழிவலையும் சாக்கும் சுண்ணச்சாந்தும் வைத்துக் கட்டிய மலை, அதன்மேல் உப்பும் மாவும் கொட்டிப் பனியாக்கியது. இதை நான் சொல்வதற்கு முன்பே மாமி கண்டுபிடித்துவிட்டார் என்றால் நம்புவீர்களா? "இது உப்பாக்கும்" என்றார். புத்தளம், சுவாமித்தோப்பு பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு வெயிலில் உப்புக்குவியல் எப்படிப் பளபளக்கும் என்று தெரியும், அந்தப் பளபளப்பு சாப்ளின் பனியில் இருக்கிறது. ஆனால் பாருங்கள், பொய்ப் பனிதான், தணுப்பு மட்டும் பொய் இல்லை. பசியில் ஷூவை வேகவைத்து, ஆணியை மீன் முள் மாதிரி உறிஞ்சி வைக்கிற அந்தக் காட்சியில் (அந்த ஷூ அதிமதுர மிட்டாயில் செய்தது) வெளியே எவ்வளவு குளிர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. குடிசை மலை விளிம்பில் சாய்ந்து ஆடுகிற இடத்தில் மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். கொள்ளாம் படம், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

க்ளவுஸ் (2019) ஸ்பெயின்காரர்கள் செய்த கார்ட்டூன், இயக்குநர் செர்ஜியோ பாப்லோஸ். கையால் வரைந்த படம்தான், வெளிச்சத்தையும் நிழலையும் கம்ப்யூட்டரில் ஏற்றியதால் பொம்மை மாதிரி திரண்டு நிற்கிறது. பணக்கார அப்பாவின் சோம்பேறி மகனை, வருடத்துக்கு 6,000 கடிதம் சேர்த்தால்தான் திரும்பி வரலாம் என்று சொல்லி, வடக்கே ஒரு தீவுக்குத் தபால்காரனாக அனுப்புகிறார்கள். அந்த ஊரில் எழுதவே ஆள் இல்லை, எல்லாருக்கும் அடித்துக்கொள்ளத்தான் நேரம். கிறிஸ்துமஸ் தாத்தா கதையை இப்படியும் சொல்லலாமா என்று இருந்தது. அதில் ஒரு சாமி இனத்துச் சிறுமி வருகிறாள் (நம்ம கோயில் சாமி இல்லை, ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் மான் மேய்க்கிற பழங்குடி மக்கள்). அவள் தன் மொழியில் மூச்சுவிடாமல் பேசுகிறாள், அடியில் வரி கிடையாது, தபால்காரனுக்கும் புரியாது நமக்கும் புரியாது. மகள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பார்த்தாள். தணுப்பைக் கேட்டால் நடுத்தரம். ஆனால் கோழிக்கூடு மாதிரி ஒழுகுகிற தபால் ஆபீசுக்குள் அவன் போர்வையோடு நடுங்குவது நன்றாக இருந்தது.

தி ரெவனன்ட் பற்றி நிறையப் பேர் புகழ்ந்துவிட்டார்கள், நான் சுருக்கமாக. பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்திலேயே எடுத்தார்கள், கனடாவில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பனி தீர்ந்துபோய், மிச்சத்தை எடுக்க அர்ஜென்டினாவின் தென்கோடிவரை போனார்கள், டிகாப்ரியோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது, எல்லாம் சரி. தணுப்பு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன், செத்த குதிரையின் வயிற்றைக் கிழித்து உள்ளே படுக்கிற இடத்தில் மாமாவே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் "பார், நான் எவ்வளவு கஷ்டப்படுகிறேன் பார்" என்று படம் நம் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டரை மணி நேரம். கரடி வந்து போன பிறகு பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

ஃபார்கோ (1996) அதற்கு நேர்மாறு. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் போடுங்கள், ரத்தம் உண்டு, கடைசியில் மரம் அரைக்கிற மெஷினில் நடப்பதை ஒரு குழந்தையும் பார்க்கக் கூடாது. மினசோட்டா, வடக்கு டகோட்டா பக்கத்துக் கதை. படம் எடுத்த வருடம் மினசோட்டாவில் பனி போதவில்லை, பனியைத் தேடி வடக்கே போக வேண்டி வந்ததாம், நம்ம ஊரில் மழைக்காட்சிக்குக் காத்திருக்கிற மாதிரி. முதலிலேயே உண்மைக் கதை என்று போடுவார்கள், நம்பாதீர்கள், பெரும்பாலும் கட்டுக்கதை. ஒருவரும் குளிரைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஏழு மாத கர்ப்பிணி போலீஸ் அதிகாரி விடியற்காலையில் கிளம்பிப் போனவர் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று திரும்பி வந்து புருஷனிடம் சொல்கிறார், அவ்வளவுதான். ஒருவன் பணம் கேட்டுத் தோற்று வெளியே வந்து, கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட ஆரம்பித்து, ஆத்திரத்தில் சுரண்டியைத் தூக்கி அடித்து, பிறகு வேறு வழி இல்லாமல் மறுபடி எடுத்துச் சுரண்டுவான். அங்கே வாழ்கிறவனுக்குப் பனி என்பது தினசரி எரிச்சல் என்று அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது.

இன்னொரு காட்சி. பணப்பெட்டியை வேலி ஓரத்தில் பனிக்குள் புதைத்துவிட்டு, இடத்தை நினைவில் வைக்க இந்தப் பக்கம் பார்க்கிறான், வேலியும் வெள்ளையும். அந்தப் பக்கம் பார்க்கிறான், அதே வேலி, அதே வெள்ளை. கடைசியில் ஒரு சின்னச் சிவப்புச் சுரண்டியைக் குத்தி வைத்துவிட்டுப் போகிறான். மாமா வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் அது. "கணியம் இல்லாம பார் தேடுகவன் கதையாக்கும் இது!" கடலுக்குள் மீன் கிடைக்கிற பாறை எங்கே இருக்கிறது என்று கரையில் தெரிகிற கோயில் கோபுரம், மலை முகடு இரண்டையும் வரிசை பிடித்துக் குறித்துக்கொள்வதைத்தான் இங்கே கணியம் என்பார்கள். ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு அதுதான் எல்லாம். ஒரு அமெரிக்கக் கொள்ளைக்காரனைப் பார்த்துக் குளச்சல்காரர் இப்படி இரக்கப்பட்டது எனக்கு இன்னும் சிரிப்பாக இருக்கிறது.

சொசைட்டி ஆஃப் த ஸ்னோ. 2023இல் வந்தது. இதைப் போட்டிருக்க வேண்டாமோ என்று பாதியில் நினைத்தேன்.

1972 அக்டோபர் 13, உருகுவே ரக்பி ஆட்டக்காரர்களும் அவர்களின் உறவினர்களும் போன விமானம் ஆண்டிஸ் மலையில் விழுந்தது. 45 பேரில் 16 பேர் 72 நாள் கழித்து உயிரோடு மீண்டார்கள். செத்தவர்களின் உடலைத் தின்றுதான் பிழைத்தார்கள் என்பது உலகத்துக்கே தெரிந்த கதை, படம் அதைக் காட்டிப் பயமுறுத்தவில்லை, ஆளாளுக்குப் பேசி, ஜெபித்து, மறுத்து, ஒத்துக்கொள்வதைத்தான் காட்டுகிறது. மாமாவுக்கு முதலில் உறைத்தது தாகம். சுற்றிலும் பனி, குடிக்கத் தண்ணீர் இல்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த அலுமினியத் தகட்டை வளைத்து, அதில் பனியைப் பரப்பி வெயிலில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்கிறார்கள். கடலில் மாட்டிக்கொண்ட படகிலும் இதே கதைதான் என்றார், சுற்றிலும் தண்ணீர், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும். இந்தப் படத்தில் விரல் மடங்குவதை, உதடு வெடிப்பதை, பேசும்போது நாக்கு குழறுவதை அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. சின்ன ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள், அதில் செய்தி வருகிறது, எட்டு நாளோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று.

மாமி தூத்தூர் பக்கத்துக்காரர். "தேடுகத நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இவங்க உயிரோட இருக்கும்போதேயா?" 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள். மாமியின் தம்பி கடலில் இருந்தார். பத்து நாள் கழித்து லட்சத்தீவில் இருந்து போன் வந்தது. அதே தெருவில் மூன்று வீட்டுக்கு வரவே இல்லை. மாமி எழுந்து கீழே போனார், சாயா போட என்று சொல்லிவிட்டு. நாங்கள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போடு, யாரு திரும்பி வாறாங்கண்ணு பாக்கட்டும்" என்று முன்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு பேர் பத்து நாள் மலை ஏறி இறங்கி நடந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரைக்காரரைப் பார்க்கிறவரை அவர் அசையவில்லை. நல்ல படமா என்று கேட்டால் எட்டில் இதுதான். யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அட்டனார்ஜுவட், 2001. கனடாவின் வடக்கே இக்லூலிக்கில் இனுயிட் மக்கள் தங்கள் மொழியிலேயே எடுத்த படம், இயக்கியவர் சகாரியாஸ் குனுக், கான் விழாவில் முதல் படத்துக்கான பரிசு வாங்கியது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், முதல் அரை மணி நேரம் யார் யாருக்கு மச்சான் என்றே பிடிபடாது, பொறுமை வேண்டும். அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. பனியை அதிசயமாகக் காட்டுகிற ஒரு ஷாட்கூட இல்லை. நாய்வண்டியை ஓட்டுகிறார்கள், ஐஸ் வீட்டுக்குள் கொழுப்பு விளக்கின் திரியை ஒரு பெண் குச்சியால் நிரவிக்கொண்டே ஊர்வம்பு பேசுகிறாள், நம்ம வீட்டில் அடுப்பைத் தள்ளிக்கொண்டே பேசுகிற மாதிரி. கொல்ல வந்தவர்களிடம் தப்பி ஒருவன் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் கடல்மேல் உறைந்த ஐஸில் ஓடுவான், உள்ளங்கால் கிழிந்து ரத்தம் ஐஸில் படியும். மாமா தன் காலை மடக்கிச் சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார். கேட்டபோது "கொசு" என்றார். மாமிக்கு நடக்கிற சத்தம் பிடித்திருந்தது. காய்ந்த கடல்மணலில் செருப்பு இல்லாமல் குதிகால் ஊன்றி நடந்தால் கிறீச் கிறீச்சென்று கேட்குமே, கிட்டத்தட்ட அதே சத்தம்.

கடைசியாக தி ஸ்னோமேன், 1982இல் பிரிட்டன் டிவிக்காகச் செய்தது, அரை மணி நேரம்கூட இல்லை, கலர் பென்சிலால் தேய்த்த மாதிரி இருக்கும், ஆரம்பத்தில் வருகிற சின்ன அறிமுகப் பேச்சையும் நடுவில் ஒரு பாட்டையும் தவிர ஒரு வார்த்தை கிடையாது. பையன் பனியில் ஆள் செய்கிறான், ராத்திரி அது உயிர் பெறுகிறது, இரண்டு பேரும் பறக்கிறார்கள், காலையில் எழுந்து ஓடிவந்து பார்த்தால் தொப்பியும் மஃப்ளரும்தான் கிடக்கின்றன. அவ்வளவுதான் படம், அங்கேயே முடிந்துவிடும். ஆறுதல் சொல்ல ஒரு காட்சிகூட வைக்கவில்லை. மகள் அழுத அழுகையில் பக்கத்து மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் என்னென்னவோ சொன்னேன், எடுபடவில்லை. மாமா மட்டும், "ஐஸ்தானே மக்கா, நாளைக்குக் கொண்டு வாறேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் துறைமுகத்தில் இருந்து தெர்மாகோல் பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ் வந்தது, மரத்தூள் பொதிந்து. எங்கே பிடித்தாரோ. மாடியில் கொட்டி, மகளும் அவருமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு ஆள் செய்தார்கள், மூக்குக்குப் பச்சை மிளகாய், கண்ணுக்குப் புளியங்கொட்டை. மாமா உருட்டுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையை அக்குளில் சொருகுவதுமாக இருந்தார். இருபது நிமிடம் நின்றது, மரத்தூள் தாடியோடும் நல்ல சாளை வாசத்தோடும். அது உருகி ஓடிய வழியில் பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு நாள் நக்கிக்கொண்டு திரிந்தது.